கையில் டப்பா இல்லாமல்

சீத்தா கேம்ப், ட்ராம்பே, மும்பை
புதன்கிழமை

அன்பு மகள் சஃப்ரீனுக்கு உம்மா அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையில் நானும் உன் வாப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் என் தங்கமும் அந்தக் கனடாப் பனியில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கை கால் சுகம் என்று எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஏன் என்று போகப் போகத் தெரியும். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், பின்னாலிருந்து மாப்பிள்ளை தௌசீப் ஸலாம் அம்மிஜான் என்று தலையை நீட்டுகிறார், அந்த நல்ல பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவர் ஹைதராபாத்துக்காரர், தமிழ் வாசிக்க வராது, அது ஒரு வசதி. உன்னைத் தமிழ் ஸ்கூலில் போட்டேன் என்று உன் சாச்சி என்னை எத்தனை ஏச்சு ஏசினாள், இன்றைக்கு அது உதவிற்று பார். எழுதி முடித்து போட்டோ எடுத்து அனுப்புகிறேன், தனியாக உட்கார்ந்து எழுத்துக் கூட்டியாவது படி. இங்கே பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை, கட்டர் சாக்கடை வேலைக்கு நம் கல்லிச் சந்தைத் தோண்டிப் போட்டவர்கள் இன்னும் வந்து மூடவில்லை, மேல் ரூமில் இருந்த பையன்கள் காலி செய்துவிட்டார்கள், நீ சோறு வைத்துக்கொண்டிருந்த அந்தச் சாம்பல் பூனை மூன்று குட்டி போட்டு நம் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் குடித்தனம் நடத்துகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். கோவண்டியில் டாக்டரம்மாவிடம் போனபோது நீயும் வீடியோவில் இருந்தாய். சுகர் இறங்காமல் அவ்வளவு தூரம் ப்ளைட்டில் போக நான் சரி சொல்ல மாட்டேன், பாதத்தில் எரிச்சல் வேறு இருக்கிறது, மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதியை நீங்கள் நடந்துதான் செய்ய வேண்டும் என்று அவர் சொன்னதை நீயும் கேட்டாய். கேட்டுவிட்டு அழுதாய். உம்மா பக்கத்தில் இல்லாமல் நான் எப்படிம்மா பெத்துக்குவேன் என்று நீ கேட்டது இன்னும் என் காதிலேயே நிற்கிறது. அன்றைக்கே நடப்பது என்று முடிவு செய்துவிட்டேன், அதில் பொய் இல்லை. நீ அனுப்பிய ஷூவும் வந்து சேர்ந்தது, வெள்ளை நிறம், ஓரத்தில் ரோஸ் கோடு. அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால் புர்காவுக்குக் கீழே இரண்டு முயல் குட்டி உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. வாப்பாவின் கறுப்புப் பாலிஷை எடுத்து இரண்டுக்கும் பூசிவிட்டேன். கோபிக்காதே, நல்ல ஷூதான், ஆனால் நான் இந்தக் கல்லியில் வாழ வேண்டும்.

நீ போய் வருஷங்கள் ஆயிற்று, நம் கல்லியை மறந்திருப்பாய். இங்கே ஒருத்தி வாசலைத் தாண்டினால் எங்கே என்று கேட்காமல் யாராவது விடுவார்களா. பால் வாங்கவா, ரேஷனுக்கா, டாக்டரிடமா, எதையாவது சொல்லியாக வேண்டும். சும்மா நடக்கிறேன் என்று சொன்னால் அது பதிலே இல்லை, வீட்டில் வேலை வெட்டி இல்லாதவள், இல்லாவிட்டால் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவள், இந்த இரண்டில் ஒன்று. பேரன் பேத்தி எடுக்கப் போகிற வயதில் இவளுக்கு உடம்பைப் பற்றிய நினைப்பைப் பார் என்று சொல்வார்கள், சொன்னதில்லை, சொல்வார்கள் என்று எனக்கே தோன்றும், நானே மற்றவர்களைப் பற்றி அப்படிச் சொன்னவள்தானே. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஹெல்த் போஸ்ட்டிலிருந்து ஒரு பெண் வீடு வீடாக வந்து, ஏன் ஆன்ட்டி யாரும் எக்சர்சைஸ் செய்யறதில்ல, நேரம் இல்லையா, இடம் இல்லையா, உடம்பு முடியலையா என்று கேட்டாள். நான் நேரம் இல்லை என்றேன், எல்லாரும் அதைத்தான் சொன்னார்களாம். வெட்கமா என்று அவள் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் நான் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

அதனால் முதலில் கையில் காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். அது சரிப்படவில்லை. பையைப் பார்த்தவர்கள் எல்லாம் எனக்குக் கொத்தமல்லி, எனக்கு அரைக் கிலோ வெங்காயம் என்று சொல்லி அனுப்ப, கடலோரம் படகு ஜெட்டி வரைக்கும் நடக்க நினைத்தவள் மார்க்கெட்டில் பேரம் பேசிவிட்டுத் திரும்பினேன். அப்புறம்தான் அந்த மூன்றடுக்கு டப்பா நினைவுக்கு வந்தது, உன் கல்யாணத்துக்கு வந்ததே, எவர்சில்வர், அது. டப்பா தூக்கிப் போகிறவளை யாரும் நிறுத்துவதில்லை. காலி அடுக்கு கடகட என்று சத்தம் போட்டது, உள்ளே ஒரு துண்டை மடித்து வைத்தேன். சுபுஹு தொழுதுவிட்டு வாப்பா விக்ரோலிப் பட்டறைக்குப் பஸ் பிடிக்கப் போனதும் நான் டப்பாவோடு கிளம்பிவிடுவேன். என்ன மரியாதை என்கிறாய், நாக்கா முக்கில் டீ ஆற்றுகிற ஜெயினுலாப்தீன் காக்கா ரோட்டில் நீட்டியிருக்கும் பெஞ்சை இழுத்து வழி விடுவார். யாரும் எங்கே என்று கேட்கவில்லை. அல்லாஹ் லேசாக்கி வைப்பான் என்று மட்டும் சொல்வார்கள், நானும் ஆமீன் என்று சொல்லிக்கொண்டு நடப்பேன். மக்களுக்கு எவ்வளவு தீன் பற்று வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவு அறிவு உன் உம்மாவுக்கு. பாத எரிச்சல் குறைந்தது, தூக்கம் நன்றாக வந்தது, ஜெட்டியில் போய் நின்றால் உப்புக் காற்று முகத்தில் அடிக்கும், உண்மையைச் சொன்னால் எனக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று.

இப்போது நீயே புரிந்துகொண்டிருப்பாய். நம் கேம்ப்பில் காலையில் டப்பாவோடு ரிக்‌ஷா ஸ்டாண்டு பக்கம் போகிற பொம்பளை வேறு எங்கே போவாள், ஆஸ்பத்திரிக்குத்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிறவளை எங்கே என்று கேட்பது நல்லதில்லை என்று யாரும் கேட்கவில்லை. யாருக்கு உடம்பு என்று அவர்களே யோசித்திருக்கிறார்கள். பிள்ளை கனடாவில், வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர், நான் நடமாடுகிறேன், வாப்பா விடியுமுன் போய் இஷாத் தொழுகைக்குப் பிறகு வருகிறவர்கள், யார் கண்ணிலும் படுவதில்லை. அப்போ ரஹ்மத்துல்லா பாய்தான் படுத்துவிட்டார், பானு வெளியே சொல்லாமல் தனியாகத் தாங்குகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். போன வெள்ளிக்கிழமை நம் பள்ளியில் ஜும்மா முடிந்து ஹஜ்ரத் உன் வாப்பாவின் பெயரைச் சொல்லி நோய் குணமாக ஷிஃபாவுக்கு துஆ கேட்டிருக்கிறார், பள்ளி நிறைய ஆமீன் சொல்லியிருக்கிறார்கள். உன் வாப்பா அந்த நேரத்தில் விக்ரோலியில் ஜும்மா தொழுதுவிட்டு, பட்டறையில் கரண்ட் இல்லை என்று சீக்கிரமாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

பொழுது சாய, மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் கதவைத் தட்டினார்கள். வாப்பா கைலியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்கள், எழுந்து போய்த் திறந்தது அவர்களேதான். வாசலில் ஹஜ்ரத், எதிர்வீட்டு நஜ்முன்னிசா ராத்தா, ராத்தாவின் மருமகள், பின்னால் இன்னும் நாலைந்து பேர், கையில் ஆப்பிளும் இளநீரும்.  ராத்தாதான், பாய் எந்திரிச்சு நடக்கிறீங்களே, அல்ஹம்துலில்லாஹ், எப்ப வந்தீங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து என்று கேட்டாள். வாப்பா என் முகத்தைப் பார்த்தார்கள். அப்புறம் அடுப்பங்கரை ஆணியில் தொங்கிய டப்பாவைப் பார்த்தார்கள். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்க மறந்தால் தானாகக் கூப்பிட்டு வாங்குகிற மனுஷர், உனக்குத் தெரியாதா. அந்த மனுஷர் குரலை இறக்கி, இன்னைக்குத்தான் விட்டாங்க என்று சொல்லிவிட்டு மெதுவாக, சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கட்டிலில் படுத்தார்கள் மகளே.  ஹஜ்ரத் நெற்றியில் கை வைத்து ஓதி ஊதினார். ராத்தா உங்களுக்காக நேத்தும் இன்னைக்கும் நோன்பு வச்சிருக்கேன் பாய் என்றாள். பாங்கு சொல்லிற்று, என் வீட்டில் என் கையால் தண்ணீர் வாங்கித்தான் நோன்பு திறந்தாள். அந்த டம்ளரைக் கொடுத்த கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் கதைதான், அதுவும் மறைத்தது என்ன, ஒரு திருட்டா, கொள்ளையா, காலை நடை.

எல்லாரும் போன பிறகு டப்பா கதையை முழுக்கச் சொல்லிவிட்டு, வாப்பா என்னை ஏசுவார்கள் என்று காத்திருந்தேன், ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு ஆப்பிளை அறுத்துத் தின்றுகொண்டே, நடக்கணும்னா நடக்க வேண்டியதுதானே பானு, இதுக்கு எதுக்கு என்னைப் படுக்கப் போட்டே என்று மட்டும் கேட்டார்கள். எல்லாரும் பார்ப்பாங்களே என்றேன்.  ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் மறுநாளே வேலைக்குப் போனால் கேட்பார்கள் என்று சனிக்கிழமை லீவு போட்டார்கள். பிறகு அவர்களே ஒரு வழி சொன்னார்கள், டாக்டர் என்னைத்தான் நடக்கச் சொன்னார்னு சொல்லிக்குவோம், நீ துணைக்கு வா என்று. சனியும் ஞாயிறும் நாங்கள் இரண்டு பேரும் ஜெட்டி வரைக்கும் போய் வந்தோம். ஷூவைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. பாய் மெதுவா, பாய் பாத்து என்று வழியெல்லாம் ஸலாம். இப்படி ஒரு பொண்டாட்டி கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும் என்று ஜெயினுலாப்தீன் காக்கா சொன்னார். நோயாளி வேஷத்துக்காக வாப்பா என் தோளில் கை போட்டுக்கொண்டார்கள், இத்தனை வருஷத்தில் ரோட்டில் வைத்து அவர்கள் கை என் மேல் பட்டது அதுதான் முதல் தடவை, அதுவும் பொய்க்காக. எனக்கு வெட்கத்திலும் சந்தோஷம், சந்தோஷத்திலும் வெட்கம். திரும்பி வரும்போதுதான் ஒன்று நெஞ்சில் குத்தியது. அதே ரோடு, அதே ஷூ, அதே கால். புருஷனுடைய உடம்புக்காக நடந்தால் உத்தமி, என் உடம்புக்காக நடந்தால் முகத்தை மறைக்க வேண்டியிருக்கிறது. இதை ஊர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததா, நானாகக் கற்றுக்கொண்டேனா என்று தெரியவில்லை, உன்னையும் நான் இப்படித்தான் வளர்த்தேனோ என்று பயமாக இருந்தது.

திங்கட்கிழமை வாப்பா வேலைக்குப் போய்விட்டார்கள். நான் ஷூவை மாட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். டப்பாவைத் தொட மனமில்லை, தொடாமல் இறங்கவும் கால் வரவில்லை. அந்த நேரம் பார்த்து ராத்தா பாய்க்கு என்று கஞ்சி எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். பாய் எங்கே என்றாள். வேலைக்குப் போயிட்டாங்க என்றேன். இந்த உடம்போடயா என்று அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. அவங்களுக்கு ஒண்ணும் இல்லை ராத்தா, எனக்குத்தான் சுகர், நான் நடக்கத்தான் போனேன், டப்பா காலி டப்பா என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சஃப்ரீனிடம் போகணும், சுகர் இறங்கினால்தான் விடுவார்கள் என்பதையும் சொன்னேன். அவள் கஞ்சிச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அப்போ என் துஆ யாருக்குப் போச்சு பானு என்று கேட்டாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன், மெதுவாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் ராத்தா வந்திருக்கும், இந்த வீட்டில் சீக்காளி நான்தானே என்றேன். அவள் கஞ்சிச் சட்டியைப் படியில் வைத்தாள். உள்ளே வந்து ஆணியிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டாள், இது என்கிட்ட இருக்கட்டும், நீ போ என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போனேன். கையில் ஒன்றும் இல்லாமல் நடந்தால் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை மகளே, நெஞ்சில் கட்டிக்கொண்டு கொஞ்ச தூரம், பின்னால் கோத்துக்கொண்டு கொஞ்ச தூரம். கல்லி முழுக்க என்னையே பார்க்கிறது என்று முதுகு கூசியது. நாக்காவில் ஜெயினுலாப்தீன் காக்கா, எங்கேம்மா, பாய் வரலியா என்றார். எனக்குச் சுகர் காக்கா, நடக்கிறேன் என்றேன். அச்சா என்று சொல்லிவிட்டு டீயை வடிகட்டப் போய்விட்டார். அவ்வளவுதான். இதற்குத்தானா இத்தனை நாடகம், இதற்குத்தானா அந்த மனுஷரைக் கட்டிலில் படுக்க வைத்தேன் என்று ஜெட்டியில் நின்று அழுகையாக வந்தது. திரும்பி வந்தால் நம் வாசலில் டப்பா இருந்தது. பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது அல்லவா, தூக்கினால் கனத்தது. மேல் அடுக்கைத் திறந்தேன், பாவக்காய் வறுவல். நடு அடுக்கில் பாவக்காய்க் குழம்பு. அடியில் பச்சைப் பாவக்காயை வட்டமாக அரிந்து வைத்திருந்தாள், துண்டை மட்டும் துவைத்து மடித்துத் தனியாக. சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. மதியமும் ராத்திரியும் அதைத்தான் தின்றேன், வாப்பாவுக்கும் போட்டேன், நீ செஞ்ச பாவத்துக்கு நான் ஏன் கசப்பு திங்கணும் என்று கேட்டுக்கொண்டே தின்றார்கள். ராத்தா இன்னும் என்னோடு பேசவில்லை. இன்று காலை குழாயடியில் என் முகத்தைப் பார்க்காமல், குடத்தைப் பார்த்துக்கொண்டு, அந்த ஜெட்டி ரோட்டுல நாய் கடிக்குமா என்று கேட்டாள். குரைக்கும், கடிக்காது என்றேன். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்னும் வெட்கம் தீரவில்லை. ஹஜ்ரத்துக்கு இன்னும் தெரியாது, இந்த வெள்ளிக்கிழமை வாப்பா நம் பள்ளியிலேயே தொழுது அவரிடம் சொல்லிவிடுகிறேன் என்கிறார்கள். என்னால் அவர்கள் அங்கே தலைகுனிந்து நிற்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. நீ என்னைப் பற்றி என்ன நினைப்பாய் என்பது அதற்கு மேல். எங்கம்மா எதுக்கும் பயப்பட மாட்டாங்க என்று மாப்பிள்ளையிடம் பெருமையாகச் சொல்வாய், கேட்டிருக்கிறேன். பிறந்த ஊரில் ஒரு டீக்கடையைத் தாண்டிப் போகப் பயந்தவள் நான், அதையும் தெரிந்துகொள். உன் தெருவில் ஆண் பெண் எல்லாரும் விடியற்காலையில் சும்மா நடக்கிறார்கள் என்று வீடியோவில் காட்டினாயே, நன்றாகப் பார்த்தேன், பாதிப் பேர் கையில் நாய் இருந்தது. அவர்களுக்கும் ஒரு டப்பா வேண்டியிருக்கிறது போலும்.

நீ நன்றாகச் சாப்பிடு, குனிந்து எதையும் தூக்காதே, அந்தப் பனியில் வழுக்கும் செருப்பைப் போடாதே, மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டாவது கொஞ்சம் நட, வெட்கப்படாதே. டாக்டரம்மா அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார், சுகர் இறங்கியிருக்கும், இறக்குவேன், நீ தைரியமாக இரு. அல்லாஹ் உன்னையும் பிள்ளையையும் சேதமில்லாமல் இரண்டாக ஆக்கித் தருவானாக, மாப்பிள்ளைக்கு என் ஸலாம் சொல், இந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பூனை குட்டி போட்டதைச் சொல். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். நான் அங்கே வந்ததும் பிள்ளையை என் கையில் கொடுத்து வெளியே உலாத்திட்டு வாங்கம்மா என்று சொல்லாதே, முதல் நாள் மட்டும் வேண்டாம். அன்றைக்கு வெறுங்கையோடு உன் தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்புகிறேன். நீ பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து உம்மாவைப் பார்.

துஆவுடன்,
உன் உம்மா
அக்தர் பானு

கறுப்புப் பாலிஷ் ஓரத்தில் உரிந்து ரோஸ் கோடு வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது. திரும்பப் பூசவில்லை.